முதலிலேயே சொல்லிவிடுகிறவர்

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அவருடைய ஜீப்புக்குத்தான் வருவார்கள். ஆட்கள் ஏறுவதற்கு முன் மற்ற டிரைவர்கள் எத்தனை பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும் என்று சொல்வார்கள். அவர் வேறொன்றைச் சொல்வார்.

“ஒன்னு சொல்லிட்றேங்க. எம்மேல ஆட்டுத் திருட்டு கேஸ் ஒன்னு இருந்துச்சி. கோர்ட்ல விடுதலை பண்ணிட்டாங்க. காயிதம் கீது. பாக்கணும்னா பாருங்க. அப்பால ஏறுங்க.”

கரியாலூரில் ஒரு காதுகுத்துக்குப் போன அன்று நானே அதைக் கேட்டேன். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண், “இன்னாத்துக்குயா இப்ப அத சொல்லிக்கினு நிக்கிற? புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிக்குது, வண்டிய எடு” என்று அதட்டினாள். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் அவர் முகம் மாறவில்லை. என்னைக் கண்டதும் மட்டும் கொஞ்சம் சிரித்து, “உங்களுக்கு சொல்லத் தேவையில்லம்மா, ஏறுங்க” என்றார்.

எனக்குச் சொல்லத் தேவையில்லைதான். அந்தக் காகிதத்தை நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்ததே நான். அப்போது நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடை வைத்திருந்தேன். டைப்பிங், ஜெராக்ஸ், நகல் மனு பூர்த்தி செய்து கொடுப்பது, இவைதான் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வழக்கு என்னவென்பதை என்னிடம் மறைப்பார்கள். பத்திரம் தொலைந்துவிட்டது என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரனை வெட்டிய வழக்கில் வந்து முடிப்பார்கள். இவர் முதல் நாள் வந்தபோது நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வழக்கைச் சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தீர்ப்பு நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

“நாப்பது போடுங்கம்மா. கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கணும்.”

“யாருண்ணா கேக்கறாங்க?”

“யாரும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துடணும்.”

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதைப் போகப்போகத்தான் தெரிந்துகொண்டேன். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை காலியாக இருந்திருக்கிறது. மாதச் சம்பளம், ஒரே தடம், சாயங்காலம் வீடு. அவரைப் பிடித்துப்போய் மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் போனபோது அலுவலகத்தில் இருந்த ஒருவர் தன் செல்போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். மலையில் ஒரே பெயருக்கு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அப்பா பெயரும் பல சமயம் ஒன்றாக இருக்கும். ஆனாலும் அதில் இருந்தது இவர்தான். இவர் அன்றே வீட்டுக்குப் போய்த் தீர்ப்பை எடுத்து வந்து காட்டினார். அவர்கள் படித்தார்கள். விடுதலைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். “ஆனா நீங்க மொதல்லயே சொல்லலியே” என்றார்களாம்.

“அவங்க சொன்னதும் நாயந்தானம்மா. சொல்லாம வுட்டது நானு” என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் விட்ட இடமே இல்லை. சாமை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிவிடுகிற பெண்களிடம் சொன்னார். புதிதாக மாறிவந்த கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொன்னார். மகள் படித்த பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில், குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னார். அந்தப் பெண் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அம்மா வந்தால் போதும் என்றுவிட்டது.

அவர் மனைவி ஒருமுறை கடைக்கு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த கையோடு, நிழலுக்கு ஒதுங்கிய மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீங்களாச்சும் சொல்லக் கூடாதாம்மா அவருக்கு? ஒவ்வொரு வூட்லயும் இன்னான்னாவோ இருக்குது. யாரு அத வெளியில சொல்லிக்கினு திரியறாங்க? மறந்து போனவங்களுக்குக்கூட இவருதான் ஞாபகப்படுத்திக்கினு இருக்காரு.”

நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “மறந்தவங்க ஒரு நாளிக்கி போன்ல பாத்துடுவாங்கம்மா” என்றார். பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உண்மைதானே. அந்தத் தேடலை நானே தினம் பத்துப் பேருக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு இதுதான். நைனார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தனியாக இருந்த ஒரு பெண்மணியின் நாலு ஆடுகள் காணாமல் போயின. விடிகிற நேரத்தில் தார்ப்பாய் போட்ட ஒரு பச்சை ஜீப் போனதை அவர் பார்த்திருக்கிறார். பிராதில் பெயர் தெரியாத நபர்கள் என்றுதான் இருந்தது. அதற்கு முந்தின நாள் சின்னசேலம் சந்தைக்குக் கடுக்காய் மூட்டை இறக்க வந்த பச்சை ஜீப் இவருடையது. பிடித்துப் போனார்கள். பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தார். பிறகு ஜாமீன், மூன்று வருடம் வாய்தா, கடைசியில் விடுதலை.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை என்னிடம் அடிக்கடி படிக்கச் சொல்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போல.

“எதிரிக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து, எதிரி விடுதலை செய்யப்படுகிறார்” என்று படிப்பேன்.

“எதிரின்னா?”

“குற்றம் சாட்டப்பட்டவங்கள கோர்ட்ல அப்படித்தாண்ணா எழுதுவாங்க.”

“யாருக்கு எதிரி?”

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடமாக அந்தச் சொல்லை டைப் செய்து வந்திருந்தேன். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அதைவிட அவரை அரித்தது சந்தேகம் என்ற சொல்தான். “சந்தேகம்னு போட்டா அது இன்னும் இருக்குதுன்னுதானே அர்த்தம்? செய்யலன்னு போடலியே.” கோர்ட் தீர்ப்புகளில் அதுதான் வழக்கமான வாசகம், கொலை வழக்கிலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “ஆனா அந்தம்மாவே கூண்டுல ஏறி சொன்னாங்களே. என்ன நேரா பாத்து, இவரு இல்லீங்கன்னு சொன்னாங்க. எங்காதால கேட்டேன். அது எங்கியாச்சும் எழுதியிருக்கணும் இல்ல?” என்றார்.

எழுதியிருக்கும். சாட்சி சொன்னது தனித் தாளில் பதிவாகி வழக்குக் கட்டில் இருக்கும். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: முதல் சாட்சி அரசுத் தரப்புக்கு ஆதரவாகச் சாட்சியம் அளிக்கவில்லை. முழு வாக்குமூலம் வேண்டுமென்றால் நகல் மனு போட வேண்டும். போட்டோம்.

முதல் மனு திரும்பி வந்தது, எண் பொருந்தவில்லை என்று. வழக்கு ஒரு கோர்ட்டில் தொடங்கி, பாதியில் இன்னொரு கோர்ட்டுக்கு மாறியிருந்தது. அதனால் இரண்டு எண்கள். எந்த எண்ணில் கட்டு பதிவறைக்குப் போனது என்று தெரியவில்லை. இரண்டாவது மனுவும் திரும்பியது. மூன்றாவதில் இரண்டு எண்களையும், முதல் தகவல் அறிக்கை எண்ணையும், தீர்ப்புத் தேதியையும் போட்டு, ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன். இவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மலையிலிருந்து இறங்கி வந்து, நகல் தயாரானவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்ப்பார். பிறகு என் கடைக்கு வந்து, “இன்னும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தார். கையில் இரண்டு தாள்கள்.

“நீங்க படிங்க.”

படித்தேன். ஆடுகள் காணாமல் போனது, ஜீப் போனது, பிராது கொடுத்தது. கடைசியில் இரண்டு வரி. “ஆஜரில் உள்ள எதிரியை எனக்குத் தெரியாது. என் ஆடுகளை யார் திருடினார்கள் என்றும் எனக்குத் தெரியாது.” அதற்குக் கீழே, இச்சாட்சி பிறழ்சாட்சியாகக் கருதப்படுகிறார் என்று இருந்தது. போலீசில் சொன்னதாக எழுதப்பட்டதற்கு மாறாகச் சொன்னால் அப்படிப் போடுவார்கள்.

“இவரு இல்லன்னு சொன்னது?”

“அது இல்லண்ணா. தெரியாதுன்னுதான் இருக்குது.”

மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் அதுதான் இருந்தது. தாளை வாங்கித் தானே விரல் வைத்துப் பார்த்தார். எத்தனை வருடமாக எத்தனை பேரிடம், அந்தம்மாவே இல்லைன்னு சொல்லிட்டாங்க என்று சொல்லியிருப்பார். ஒன்று அவர் கேட்டது தப்பு, இல்லை எழுதினது தப்பு. தட்டச்சு செய்யும்போது சுருக்கி எழுதுவதும் உண்டு என்று நான் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

“அந்தம்மாவதான் கேக்கணும். நீங்க கூட வரணும்மா. நான் தனியா போனா மெரட்டறதுக்கு வந்த மாதிரி இருக்கும்.”

எனக்குப் போக விருப்பமில்லை. என் வேலை காகிதத்தோடு முடிகிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம்.

மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஓட்டு வீடு. அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆடு ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் யார் என்று சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“உங்க ஆட்டு கேஸ்ல எதிரின்னு போட்டிருந்தது நாந்தாம்மா.”

அந்த அம்மாவின் கை நின்றுபோனது. எழுந்து ஒரு அடி பின்னால் போனார். நான் குறுக்கே புகுந்து, சண்டைக்கு வரவில்லை, ஒன்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப வந்தப்பா வெளியில?” என்று கேட்டார்.

இவருக்குப் புரியவில்லை. “எங்கேருந்தும்மா?”

“ஜெயில்லேருந்து. எத்தினி வருஷம் போட்டாங்க?”

“போடலம்மா. வுட்டுட்டாங்க. கேஸ் விடுதலை ஆயிடுச்சி.”

“விடுதலையா?”

“ஆமாம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரு சொல்லுவா? கோர்ட்டுக்கு ஒரு தபா வந்தேன். சொன்னேன். கையெழுத்துன்னு கைநாட்டு வாங்கினாங்க. போம்மான்னாங்க. அவ்ளோதான். நான் ஒழுங்கா சொல்லாததால உன்ன உள்ள போட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அந்த அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். இவர் உறையிலிருந்து தீர்ப்பு நகல் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்து, “முழுசா படிம்மா” என்றார். முழுக்கப் படித்தேன். நாலைந்து வரி போனதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எதிரி, எதிரின்னு படிக்கிறியே. அவருக்குப் பேர் இல்லியா? பேர சொல்லிப் படி.”

அதன் பிறகு எதிரி என்று வந்த இடத்திலெல்லாம் அவர் பெயரைச் சொல்லியே படித்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு கடலைக் காய்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

படித்து முடித்த பிறகுதான் இவர் வந்த காரியத்தைக் கேட்டார்.

“கூண்டுல நின்னப்ப, இவரு இல்லன்னு நீங்க சொன்னீங்களாம்மா?”

அந்த அம்மா ஒரு கடலைக் காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யோசித்தார். அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு எவ்வளவு நிம்மதி என்று இவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

“இல்லன்னு சொல்லலப்பா. தெரியலன்னுதான் சொன்னேன். நான் ஜீப்புதான் பாத்தேன். ஆள பாக்கல. பாக்காதவன எப்படி நீன்னு சொல்றது, எப்படி நீ இல்லன்னு சொல்றது? உன்ன இப்ப பாத்தா எடுத்த ஆளு மாதிரி தெரியல. ஆனா அது வேற.”

“வேறதாம்மா” என்றார் அவர்.

பிறகு அந்த அம்மா, “பதினஞ்சு நாளு உள்ள இருந்தப்ப வூட்ல யாரு பாத்துக்கினாங்க?” என்று கேட்டார். இவர் சாமை அறுப்பு அப்படியே நின்றுபோனதை, மனைவி கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டில் போய் இருந்ததைச் சொன்னார். இரண்டு வருடப் பழக்கத்தில் அதை நானும் கேட்டதில்லை. பதிலுக்கு இவர், “ஆடு கெடைச்சிச்சாம்மா?” என்றார். கிடைக்கவில்லை. வழக்கு முடிந்த பிறகு யாரும் தேடவும் இல்லை. ஆடு வளர்ப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார்.

திரும்பும்போது அவர் ஜீப்பை மெதுவாக ஓட்டினார். சின்னசேலம் தாண்டினோம். பிறகு, “இனிமே அப்படி சொல்லக் கூடாதும்மா. அந்தம்மா நான் இல்லன்னு சொன்னதா சொல்றது பொய்யி” என்றார்.

அவர் அப்படியே செய்தார் என்று பிறகு மலைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பேருந்து நிலையத்தில் அந்த வழக்கமான பேச்சோடு இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டாராம்: யார் எடுத்தார்கள் என்று அந்தம்மாவுக்கும் தெரியாது, இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. முன்னைவிட இது அவருக்குப் பாதகம் என்று எனக்குப் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப் என் கடை வாசலில் நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கியது அந்த அம்மா. ஓட்டிவந்தவர் தன் பிளாஸ்டிக் உறையை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வந்தால் தான் சொல்லிக்கொடுப்பது போல இருக்கும் என்று.

“அவங்க ஆட்ட யாரு எடுத்தாங்கன்னு மறுபடி விசாரிக்கச் சொல்லி ஒரு மனு எழுதணும்மா” என்றார்.

இவ்வளவு வருடம் கழித்து ஆடு கிடைக்காது, விசாரிப்பார்களா என்பதும் சந்தேகம் என்று நான் ஒளிக்காமல் சொன்னேன்.

“ஆடு வராதுன்னு தெரியும் தாயி” என்றார் அந்த அம்மா. “யாருன்னு தெரிஞ்சா போதும். எனக்கும் தெரியணும். இவருக்கும் தெரியணும்.”

எழுதத் தொடங்கினேன். காணாமல்போன ஆடுகளின் அடையாளம் வேண்டும். அந்த அம்மா விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு செவலை. ஒன்று வெள்ளையில் கருப்புப் புள்ளி. நாலாவதில் நின்றுவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வரவில்லை.

“நாலாவது கருப்பும்மா” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. “வலக் காது நுனி கிழிஞ்சது. சினையா இருந்துச்சி.”

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். “ஆமாம்ப்பா. சினைதான். அந்தக் காதுதான்.”

என் விரல்கள் நின்றுவிட்டன. அவருடைய பிளாஸ்டிக் உறை மேசை மேல்தான் இருந்தது. அந்த மனிதரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தன்னைப் பற்றி அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தவறான வரியைத் தன் வாயாலேயே திருத்திக்கொண்டவர். இருந்தும் என் கை உறைக்குள் போனது. வழக்கின்போது கோர்ட்டில் அவருக்குக் கொடுத்திருந்த முதல் தகவல் அறிக்கை நகலை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் பக்கம், நாலாவது வரி. கருப்பு நிறச் சினை ஆடு, வலது காது கிழிந்தது.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

“இருக்குதாம்மா?”

“இருக்குதுண்ணா.”

“அப்ப எழுதுங்க” என்றார்.

எழுதினேன்.